ராஜமலைக்கு ஒரு நாள் போதும், ஆனால் பிப்ரவரியில் அல்ல

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: பிப்ரவரி இரண்டாம் வாரம், மதுரையிலிருந்து சொந்தக் காரில், முழங்கால் வலியுள்ள 68 வயது அம்மாவையும் ஏழு வயது மகனையும் அழைத்துக்கொண்டு, சனி ஞாயிறு இரண்டே நாளில் மூணாறையும் இரவிகுளம் தேசியப் பூங்காவையும் (பயணிகளை விடும் அதன் பகுதிதான் ராஜமலை) பார்த்துத் திரும்ப முடியுமா, வரையாடு, குறிஞ்சிப் பூ, ஆனைமுடிச் சிகரம் மூன்றும் அகப்படுமா. பார்த்தால் நேரக் கணக்கு போலத்தான் தெரிகிறது. ஆனால் கடைசி வரியில், "அம்மாவை அலைய வைத்துவிட்டு ஒன்றும் பார்க்காமல் திரும்பக் கூடாது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று வைத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குறித்திருக்கும் வாரத்தில் பூங்கா பூட்டியிருக்கும். வரையாடுகள் குட்டி போடும் காலம் என்பதால் ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பார்வையாளர்களை உள்ளே விடுவதில்லை. தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் அந்தந்த ஆண்டு வனத்துறை அறிவிப்பைப் பொறுத்துச் சில நாள் முன்பின் நகரும். பிப்ரவரி நடுவில் திறந்திருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்கவே வேண்டாம். விடுதிக்கு முன்பணம் கட்டும்போது இதை யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. நானே ஏமாந்தவன். போடிப் பக்கத்துப் பள்ளியொன்றில் தாவரவியல் ஆசிரியராக இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளை அந்த மலைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருக்கிறேன். முதல் முறை போனது ஒரு பிப்ரவரி மாதம். முப்பத்தெட்டு மாணவர்களோடு பூட்டிய வாசலில் நின்றுவிட்டு, மாட்டுப்பட்டி அணையில் படகு பார்த்துத் திரும்பினோம். "ஆடு எங்கே சார்?" என்று போடிமெட்டு இறங்கும் வரை கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

இந்த அடைப்பை வெறும் சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். வரையாடு பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரே குட்டிதான் போடும். ஜனவரி நடுவில் தொடங்கிப் பிப்ரவரி வரை பெரும்பகுதிக் குட்டிகள் பிறந்துவிடும். பிறந்த குட்டி செங்குத்தான பாறையில் தாயின் பின்னால் ஏறிப் பழகும் முதல் சில வாரங்களில் தாயும் குட்டியும் பிரிய நேர்ந்தால் குட்டி பிழைப்பது கடினம். உலகில் வேறெங்கும் இல்லாமல் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் விலங்கு இது. தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து 2025-ல் எடுத்த கணக்கில் மொத்தமே 2,600 சொச்சம்தான் தேறியது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த 97 சதுர கிலோமீட்டர் பூங்காவுக்குள் இருக்கிறது. நம் மாநில விலங்கின் மிகப் பெரிய கூட்டம் பக்கத்து மாநிலத்தில் இருப்பது வேடிக்கைதான். ஆட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

ஆகவே தேதியை மாற்றுங்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. குழந்தையோடு போகிறவர்களுக்கு ஏப்ரல் முதல் இரண்டு வாரம் மிக நல்லது. பூங்கா திறந்த புதிது. இரண்டு மூன்று மாதக் குட்டிகள் தாயைச் சுற்றித் துள்ளிக்கொண்டிருக்கும். கோடை விடுமுறைக் கூட்டம் இன்னும் முழுதாக இறங்கியிருக்காது. மகனுக்குப் பள்ளித் தேர்வு இடைஞ்சலாக இருந்தால் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த அக்டோபர் கடைசி, நவம்பர். அப்போது புல்வெளி பச்சை கட்டி, ஓடைகள் நிறைந்திருக்கும். டிசம்பர் கடைசி வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஊரே கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைக்கு அங்கே வந்து நிற்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை அந்த மலையில் நேராக வந்து மோதும். போய்ச் சேர்ந்தாலும் பனிமூட்டத்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதற்கு உத்தரவாதம் இல்லை. எந்த மாதமானாலும் சனி, ஞாயிறுக்குப் பதில் வெள்ளிக்கிழமையோ திங்கட்கிழமையோ பூங்காவுக்கு ஒதுக்க முடிந்தால் அந்த ஒரு நாள் விடுப்பு வீண்போகாது.

வரையாடு தெரியுமா என்று கேட்டீர்கள். காட்டு விலங்கைப் பற்றி யார் உறுதி கொடுத்தாலும் நம்பாதீர்கள் என்பது பொது விதி. ஆனால் அந்த விதி ராஜமலையில் கொஞ்சம் தளர்கிறது. பூங்கா திறந்திருந்து நான் உள்ளே போன தடவைகளில் ஆட்டைப் பார்க்காமல் திரும்பியது இரண்டே முறை. இரண்டு முறையும் காரணம் மூடுபனிதான். அங்குள்ள ஆடுகள் மனிதர்களைக் கண்டு மிரளாமல் இருப்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. இந்த மலை முன்பு கண்ணன் தேவன் தேயிலைக் கம்பெனியின் வசம், தோட்டத் துரைமாரின் வேட்டைக் காடாக இருந்தது. அவர்களே ஒரு சங்கம் வைத்து, கண்டபடி சுடக் கூடாது என்று காவலும் போட்டார்கள். முதுவர் பழங்குடியைச் சேர்ந்தவர்களைக் காவலர்களாக வைத்துக்கொண்டார்கள். கேரள அரசு 1971-ல் சட்டம் இயற்றி நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. அதை ஒட்டிய ஆண்டுகளில் ஆய்வுக்காக வந்த கிளிஃபோர்ட் ரைஸ் என்ற அமெரிக்கர் உப்பைக் காட்டி ஆடுகளைப் பழக்கினார். அந்த நெருக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது.

இப்படித்தான் ஒருமுறை: காலை எட்டரை மணி, தார்ச்சாலையில் ஈரம். மேலே பாறையிலிருந்து ஒரு பெட்டை ஆடு இறங்கி வந்து, எங்களுக்கும் பள்ளத்துக்கும் நடுவிலிருந்த கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி நின்றது. நான்கு குளம்புகளும் ஒரு சாண் அகலத்துக்குள் அடங்கிவிட்டன. நாக்கை நீட்டிச் சிமென்ட்டை நக்கத் தொடங்கியது; சிமென்ட்டிலிருந்து கசியும் உப்பு அதற்கு வேண்டும். பழுப்புச் சாம்பல் உடம்பு, பின்னோக்கி வளைந்த கொம்பு, முன்னங்காலின் முட்டியில் காய்த்துப்போன கறுப்புத் தழும்பு. மாணவர்கள் மூச்சுவிடவில்லை. இரண்டு நிமிடம் நக்கிவிட்டு, அந்தப் பக்கம் செங்குத்துச் சரிவில் மாடிப்படி இறங்குவதுபோல் இறங்கிப் போய்விட்டது. குளம்பின் வெளிவிளிம்பு கெட்டியாகவும் உள்பகுதி ரப்பர் போல மெத்தென்றும் இருப்பதால் பாறையைப் பற்றிக்கொள்ள முடிகிறது. இதை மகனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்ப்பான். முதுகில் வெள்ளி நிறச் சேணம் போட்டதுபோல் திட்டு உள்ள பெரிய கறுப்புக் கடா கண்ணில் பட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அவை பெரும்பாலும் உள்காட்டில்தான் இருக்கும். எத்தனை அருகில் வந்தாலும் தின்பண்டம் கொடுக்கவோ தொடவோ விடாதீர்கள். அபராதத்துக்காகச் சொல்லவில்லை; பிஸ்கட் ருசி கண்ட ஆடு சாலையை விட்டு நகராது.

குறிஞ்சியைப் பொறுத்தவரை மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். ராஜமலையின் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூத்து, விதைத்து, மடிந்துபோகும் செடி. 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. நடுவில் உதிரியாக ஒன்றிரண்டு செடிகள் கணக்குத் தப்பிப் பூப்பது உண்டு. மலையெல்லாம் நீலம் பூசியதுபோல் தெரியாது. ஒவ்வோர் ஆண்டும் "குறிஞ்சி பூத்துவிட்டது" என்று படங்கள் சுற்றுகின்றனவே என்பீர்கள். குறிஞ்சிப் பேரினத்தில் பல இனங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பூக்கும் சுற்று வேறு. நீலக்குறிஞ்சியிலேயே வேறு மலையில் வேறு கணக்கு நடக்கும். சாந்தன்பாறைப் பக்கம் 2022-ல் ஒரு சரிவு முழுக்கப் பூத்ததை அப்படித்தான் பார்த்தோம். ஆகவே படத்தைப் பார்த்ததும் எந்த மலை, எந்த ஆண்டு என்று கேளுங்கள். பூவில்லாத நாளிலும் செடி அங்கேயே இருக்கிறது. சாலையோரச் சரிவில் இடுப்பளவுப் புதராக, எதிரெதிர் இலைகளோடு நிற்கும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டி, "2018-ல் விழுந்த விதை இது, உன்னைவிடக் கொஞ்சம் மூத்தது" என்று சொல்லுவேன். உங்கள் மகனுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும்.

ஆனைமுடி ஏற முடியாது. 2,695 மீட்டர் உயரமுள்ள, தென்னிந்தியாவிலேயே மிக உயர்ந்த அந்தச் சிகரம் பூங்காவின் உள்பகுதியில் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளை அங்கே அனுமதிப்பதில்லை. "ஏற்பாடு செய்து தருகிறோம்" என்று யாராவது சொன்னால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். யானையின் மத்தகம் போன்ற அந்தப் பாறைத் திரளை ராஜமலைச் சாலையில் நின்றபடியே அண்ணாந்து பார்க்கலாம். மேகம் விலகியிருந்தால் போதும்.

இனி அம்மாவின் முழங்கால். நான் மருத்துவன் அல்ல; இதய நோயோ மூச்சுத் தொந்தரவோ இருந்தால் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். நடையைப் பற்றி மட்டும் என்னால் சொல்ல முடியும். மூணாறிலிருந்து மறையூர்ச் சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர் போனால் ஐந்தாம் மைல். காரை அங்கே விட்டுவிட வேண்டும். அங்கிருந்து வனத்துறை பஸ் தேயிலைத் தோட்டங்களின் ஊடே வளைந்து வளைந்து மேலே கொண்டுபோய் ராஜமலையில் இறக்கிவிடும். அதற்குப் பிறகு சுமார் ஒரு கிலோமீட்டர் தார்ச்சாலை. ஏற்றம்தான், ஆனால் படிக்கட்டு இல்லை, கரடுமுரடு இல்லை. முடியாதவர்களுக்காகப் பேட்டரி வண்டியும் ஓடுகிறது. கூட்ட நாளில் அதற்குக் காத்திருக்க நேரும். நடையைவிட அம்மாவுக்குச் சிரமம் தரக்கூடியது பஸ்ஸின் உயரமான படி. ஏறும்போது முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நின்றுகொள்ளுங்கள். கடைசிவரை நடந்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நான் சொன்ன அந்த ஆடு வந்து நின்றது முதல் முந்நூறு மீட்டருக்குள்தான். அம்மாவை அங்கே கைப்பிடிச் சுவரில் உட்காரவைத்துவிட்டு நீங்களும் மகனும் மேலே போய் வந்தால், அவர்தான் அதிகம் பார்த்தவராக இருப்பார். இது எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது.

ஒரு நாள் போதுமா என்றால், பூங்காவுக்கு அரை நாளே தாராளம். பார்வையாளர்களை விடுவது அந்தச் சிறு பகுதிக்குள் மட்டும்தான். ஆனால் அது முதல் அரை நாளாக இருக்க வேண்டும். காலையில் ஆடுகள் மேய்ந்துகொண்டே சாலை வரை இறங்கும். பத்து மணிக்கு மேல் மேகம் ஏறும், அதோடு சுற்றுலா வேன்களும் ஏறும். நுழைவுச் சீட்டை வனத்துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்து, முதல் பஸ்களில் ஒன்றில் இடம்பிடியுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு இருப்பதால் விடுமுறை நாளில் பதினொரு மணிக்குப் போய் வரிசையில் நிற்பது வீண். கட்டணம் அவ்வப்போது மாறுகிறது. அதையும் அந்தத் தளத்திலேயே பாருங்கள். பிளாஸ்டிக் பையும் உறையிட்ட தின்பண்டமும் உள்ளே போகாது. அம்மாவின் மாத்திரைகளைத் துணிப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை வெயிலில் கிளம்பும்போது ஸ்வெட்டர் வேடிக்கையாகத்தான் தெரியும். ஆனால் ராஜமலை கிட்டத்தட்ட இரண்டாயிரம் மீட்டர் உயரம். காற்று அடித்தால் ஏப்ரலிலும் காது வலிக்கும்.

பயணத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். முதல் நாள் காலையில் மதுரையை விட்டுக் கிளம்பி, தேனி, போடி வழியாகப் போடிமெட்டு ஏறுங்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள்; மகனுக்கு வாந்தி வரும் பழக்கம் இருந்தால் போடியில் வயிறு நிறையச் சாப்பிடவைக்காதீர்கள். மேலே பூப்பாறை, தேவிகுளம் தாண்டி மூணாறு. மொத்தம் 150 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். மலைப்பாதையையும் ஓய்வையும் சேர்த்து ஐந்து மணி நேரம் வையுங்கள். அன்று வேறு எதையும் செருகாதீர்கள். மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் என்று ஒரே மாலையில் நான்கு இடம் காட்டுகிற திட்டங்களில் காரின் ஜன்னலைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். ஊரில் வழி கேட்க "இரவிகுளம்" என்பதைவிட "ராஜமலை" என்று சொன்னால் உடனே புரியும். தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன் நம் பக்கத்திலிருந்து போனவர்கள். மொழி ஒரு தடையே இல்லை.

இரண்டாம் நாள் காலை ராஜமலை. அங்கே நிற்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். முகடெல்லாம் புல், மடிப்பெல்லாம் மரம். யாரோ வெட்டிச் சீராக்கியதுபோல் இருக்கும், யாரும் வெட்டவில்லை. மடிப்புகளில் ஈரமும் மண்ணும் ஆழமாக இருக்கின்றன, காற்று குறைவு. அதனால் அங்கே சோலைக்காடு. முகட்டில் உறைபனியும் காற்றும் தீயும் மரக்கன்றை நிலைக்க விடுவதில்லை; புல் மட்டும் தாக்குப்பிடிக்கிறது. ஏன் இப்படிக் கோடு கிழித்ததுபோல் பிரிகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் இன்னும் ஓயவில்லை. நான் சொன்னது பலரும் ஏற்கும் பகுதி. இந்தப் புல்லும் சோலையும் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்லக் கசியவிடுகின்றன. மேற்கே இறங்குவது பெரியாற்றில் சேர்கிறது. கிழக்கே இறங்குவது பாம்பாறாகி, அமராவதி அணைக்கு வந்து, உடுமலைப் பக்கத்து வயல்களில் பாய்கிறது.

பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டி அந்தச் சாலை பெட்டிமுடிக்குப் போகிறது. பயணிகளுக்கு அனுமதி இல்லை. 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு அங்கே மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் (வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போயின. எழுபது பேர். பெரும்பாலோர் தமிழ்க் குடும்பங்கள்; கயத்தாறுப் பக்கத்தில் வேர் உள்ளவர்கள் பலர். ராஜமலை வாசலில் நின்று படம் எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது நினைவிருக்கிறது என்று தெரியவில்லை. மழை மாதங்களைத் தவிர்க்கச் சொன்னதில் இந்தச் சரிவுகளின் மீதுள்ள பயமும் சேர்ந்திருக்கிறது. மூணாறுக்கும் பூப்பாறைக்கும் நடுவே உள்ள கேப் ரோட்டிலும் மண் சரிந்து பாதை அடைபட்டதுண்டு. ஆகவே கிளம்பும் நாளில் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள்.

தேதியை மாற்றவே முடியாது, பிப்ரவரிதான் என்றால் மூணாறை விட்டுவிடுங்கள். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறை ஏறுங்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவை ஒட்டிய பாறைகளில் வரையாடுகளைக் காரில் இருந்தபடியே பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே ராஜமலையின் நிச்சயம் இல்லை, பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு நடையே கிடையாது என்பது அதன் நன்மை. வளைவில் வண்டியை நிறுத்தக் கூடாது. காட்சிமுனையில் ஓரங்கட்டி நின்றுகொள்ளுங்கள்.

ஏப்ரலுக்கோ நவம்பருக்கோ மாற்றிக்கொண்டால், ராஜமலையிலிருந்து பதினொரு மணிக்குக் கீழே இறங்கி, மூணாற்றில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, இரண்டு மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள். மாலை நேரத்தில் போடிமெட்டில் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகள் வரிசையாகக் கீழே இறங்கும். தொழிலாளர்கள் வீடு திரும்பும் அவசரம், வளைவில் வழிவிட மாட்டார்கள். நான்கு மணிக்கெல்லாம் கடைசி வளைவைத் தாண்டிவிட்டால் வெளிச்சத்திலேயே தேனி, இரவுச் சாப்பாட்டுக்கு மதுரை.